பால் வங்கியும் பாதி அறிவும்

நம் சமுதாயத்தில் அண்மைக் காலமாக இரு கூற்றுகள் உலவி வருகின்றன. மருத்துவமனைகளின் பால் வங்கிகளில் தானமாகப் பெறப்படும் தாய்ப்பாலைச் சூடேற்றிவிடுவதால் அது உயிரற்ற பாலாகிவிடுகிறது. குழந்தைக்குக் காவலாக அதில் எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே அதைப் புகட்டுவதும் டின்பால் புகட்டுவதும் ஒன்றே என்பது முதற் கூற்று. சூடேற்றிய காரணத்தால் அது பால் என்னும் தன்மையையே இழந்துவிடுகிறது. ஆகவே அதைக் குடித்த குழந்தைக்கும் கொடுத்த தாய்க்குமிடையே பால்குடி உறவு ஏற்படாது. யாருடைய பால் என்று விசாரிக்கவும் வேண்டுவதில்லை என்பது இரண்டாவது. முதலாவதைச் சொல்வோர் பால் வங்கியை அறவே விலக்க விரும்புவோர். இரண்டாவதைச் சொல்வோர் அதைத் தயக்கமின்றி ஏற்க விரும்புவோர். இருசாராரும் மேடையேறியும் கைப்பிரதி அச்சிட்டும் ஒருவரையொருவர் மறுத்துவருகின்றனர். ஆயினும் இருவரும் நிற்பது ஒரே அடித்தளத்தின்மீது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. சூடு பட்டதும் தாய்ப்பால் தாய்ப்பாலாக இராது என்பதே அந்த அடித்தளம். அதுவே பிழை என்பது நம் வழக்கு.

இதை நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதத்தை மட்டும் எடுத்துவைப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்குமுன் ஓரிரவு, இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆனபின், நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தையின் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டியிருந்தது. தாய்க்கு இரத்த அழுத்தம் தணியவில்லை, பாலும் சுரக்கவில்லை. "ஹழ்ரத், பால் வங்கியிலிருந்து கொடுக்கலாமா என்று டாக்டரம்மா கேட்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்றார். நாம் நெடுநேரம் யோசிக்கவில்லை. "யார் பால் என்று தெரியாது. அதோடு அதைக் காய்ச்சிவிடுகிறார்களாம், அதில் ஒன்றும் இராது. வேண்டாம் தம்பி" என்றோம். அவர் மறுவார்த்தை பேசவில்லை. உஸ்தாதின் சொல்லுக்கு மறுப்பேது? குழந்தைக்கு டின்பால் கொடுக்கப்பட்டது. பதினோராம் நாள் வயிறு உப்பிற்று. குடல் அழுகல் என்றார்கள். பதினான்காம் நாள் அந்தச் சிசு மவுத்தாகிவிட்டது.

தானப்பால் கொடுத்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. அஜல் அல்லாஹ்வின் கையிலிருக்கிறது. தானப்பால் அருந்திய குறைமாதக் குழந்தைகளுக்கும் அந்நோய் வருவதுண்டு. ஆனால் நாற்பதாம் நாள் கழித்து அம்மாணவர் நம்மைக் காண வந்தபோது, குற்றஞ்சாட்டும் குரலிலன்றி, பாடம் கேட்கும் குரலிலேயே ஒன்று கேட்டார்: "ஹழ்ரத், அந்தப் பாலில் ஒன்றும் இராது என்றீர்களே, அது எந்தக் கிதாபில் இருக்கிறது?" எந்தக் கிதாபிலும் இல்லை. எவரோ சொல்லக் கேட்டதை நாம் சொல்லியிருந்தோம். கால் நூற்றாண்டுக்கு மேலாக பிக்ஹு போதித்துவரும் நாம், ஒரு குழந்தையின் உயிர் பற்றிய விஷயத்தில் கேள்விஞானத்தை ஃபத்வாவாக வழங்கியிருந்தோம். அதன்பின்னரே மருத்துவர்களிடம் சென்று அமர்ந்தோம். அவர்கள் கொடுத்தவற்றைப் படித்தோம். படித்ததை நம் கிதாபுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதன் பயனை வாசகர் முன் வைக்கிறோம்.

முதலில் சூடு என்றால் என்ன சூடு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பசும்பாலைப் பொங்கக் காய்ச்சுவதைப் போன்றதன்று அது. பால் வங்கிகளில் பெரும்பாலும் கையாளப்படுவது ஹோல்டர் முறை எனப்படும். பாலை 62.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருந்து, உடனே குளிரச் செய்கிறார்கள். கொதிநிலைக்கு வெகு கீழே நிற்கும் சூடு அது. ஏன் அந்தச் சூடாவது வேண்டும்? பால் வங்கி நேற்றுத் தோன்றியதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே வியன்னாவில் முதல் வங்கி ஏற்பட்டது. 1980-களில் எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சம் பரவியபோது, அக்கிருமி தாய்ப்பால் வழியாகவும் தொற்றும் என அறியப்பட்டதும், பல நாடுகளில் வங்கிகள் மூடப்பட்டன. அவற்றை மீண்டும் திறக்கச் செய்தவற்றுள் முதன்மையானது இந்தச் சூடுதான். எய்ட்ஸ் கிருமியும், குறைமாதக் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்யவல்ல சைட்டோமெகலோ கிருமியும், சாதாரணமாகப் பாலில் காணும் பாக்டீரியாக்களும் இவ்வெப்பத்தில் அழிகின்றன. இதற்கு மேலும் கொடையாளித் தாய்மாரின் இரத்தம் முன்னதாகச் சோதிக்கப்படுகிறது. சூட்டையும் தாங்கிப் பிழைக்கும் வித்து வடிவக் கிருமிகள் சில உண்டாதலால், சூடேற்றியபின்னும் பாலைச் சோதித்து, கிருமி வளரக் கண்டால் கொட்டிவிடுகிறார்கள்.

சரி, கிருமியை அழிக்கும் சூடு காவலையும் அழிக்காதா? அழிக்கிறது, ஒரு பங்கை. இதை மறுப்பது நம் நோக்கமன்று. முதற் கூற்றைச் சொல்வோரிடத்தில் உண்மை அறவே இல்லை என்று சொல்லிவிட்டால், நாமும் அவர்களைப் போலவே ஆகிவிடுவோம். தாய்ப்பாலில் உயிருள்ள வெள்ளணுக்கள் இருக்கின்றன. சூட்டில் அவை முழுவதுமாக மடிந்துவிடுகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் என்னும் நொதி தாய்ப்பாலிலேயே உண்டு. அதுவும் செயலற்றுப் போகிறது. அதனால்தான் தானப்பால் மட்டும் அருந்தும் குறைமாதக் குழந்தைகள் எடை கூடுவதில் சற்றுப் பின்தங்குகின்றன. அதற்காக மருத்துவர்கள் பாலில் சத்துப்பொருள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு கிருமிகளுக்கு அது கிட்டாமல் செய்யும் லாக்டோஃபெரின் என்னும் புரதத்தில் பாதிக்கு மேல் கெட்டுவிடுகிறது. வைட்டமின் சி-யும் குறைகிறது. இவையெல்லாம் இழப்பே.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? தாயின் குடலும் மூச்சுக்குழலும் எந்தெந்தக் கிருமிகளைச் சந்தித்தனவோ, அவற்றை எதிர்க்கத் தாயின் உடல் செய்து பாலில் அனுப்பும் நோயெதிர்ப்புப் புரதம் இம்யூனோகுளோபுலின் ஏ எனப்படும். குழந்தையின் குடற்சுவரில் ஒரு பூச்சுப்போல் படர்ந்து கிருமிகளை ஒட்டவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபட்டாலும், சூட்டிற்குப் பின்னும் அதில் பாதிக்குக் குறையாமல் எஞ்சுகிறது என்றே பெரும்பாலான சோதனைகள் காட்டுகின்றன. கிருமியின் தோலைக் கரைக்கும் லைசோசைமிலும் ஒரு பங்கு எஞ்சுகிறது. குடற்சுவரை வளர்த்துப் பக்குவப்படுத்தும் வளர்ச்சிப் பொருள்கள் சிலவும் பெருமளவு தப்பிவிடுகின்றன. இவை யாவற்றினும் வியப்பானது தாய்ப்பாலிலுள்ள ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரை வகைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. பின் எதற்காக அவை பாலில் இருக்கின்றன? குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவாகவும், தீய கிருமிகள் குடற்சுவரைப் பற்றமுன் அவற்றை ஏமாற்றித் தம்மீது ஒட்டச் செய்யும் பொறியாகவும் அவை இருக்கின்றன. தாய்ப்பாலில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளாகவும் மிகுதியாகவும் காணப்படும் இவை பசும்பாலில் மிகமிகக் குறைவு. இவற்றைச் சூடு ஒன்றும் செய்வதில்லை. படைத்தவனின் ஏற்பாட்டை இதில் காண விரும்புவோர் காணலாம், நாம் கண்டோம்.

"உயிரற்ற பால்" என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு மருட்டுவோரிடம் நாம் கேட்பது இதுதான்: அடுப்பேறியதுதான் குற்றமென்றால், நீங்கள் அதற்குப் பதிலாகக் கைகாட்டும் டின்பால் எந்த மடியிலிருந்து நேரே இறங்கி வந்தது? பசுவின் பால் சூடேற்றப்பட்டு, வற்றச் செய்யப்பட்டு, வெங்காற்றில் தூளாக்கப்பட்டு, டப்பாவில் அடைக்கப்பட்டு, மாதக்கணக்கில் கடை அலமாரியில் இருந்து வருவதன்றோ அது? மனிதக் குழந்தைக்கென்று மனிதத் தாய் சுரந்த காவற்பொருள் அதில் சூட்டிற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒன்று பாதி இழந்த கருவூலம். மற்றொன்று தொடக்கத்திலிருந்தே வெறும் பெட்டி. இரண்டும் ஒன்றென்பது என்ன கணக்கு?

இது நம் ஊகம் மட்டுமன்று. நம் நாட்டிலேயே டெல்லியில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஒரு சோதனையின் முடிவை 1984-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ ஏடு வெளியிட்டது. சூடேற்றாத தாய்ப்பால் அருந்தியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கும், ஹோல்டர் முறையில் சூடேற்றிய பாலை அருந்தியவர்களில் 14 பேருக்கும் தொற்று நோய் கண்டது. சூடேற்றாத பாலோடு டின்பாலும் சேர்ந்தபோது அது 16 ஆயிற்று. சூடேற்றிய பாலோடு டின்பால் சேர்ந்தபோது 33. இந்த நான்கு எண்களையும் வாசகர் நிதானமாக மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். சூடேற்றியதால் காவல் சற்றுக் குறைந்தது உண்மை. 10-க்கும் 14-க்கும் உள்ள இடைவெளி அது. ஆனால் சூடேற்றிய பாலைத் தனியே கொடுத்தபோது இருந்த காவல், டின்பால் நுழைந்ததும் எங்கே போயிற்று? ஒன்றுமே இல்லாத பாலாக இருந்தால் இழப்பதற்கு என்ன இருந்திருக்கும்? பின்னாளில் பல நாடுகளின் சோதனைகளையும் ஒன்றுதிரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழுவினரும், குறைமாதக் குழந்தைகளுக்குத் தானப்பாலுக்குப் பதில் டின்பால் கொடுத்தால், எடை விரைவாகக் கூடினாலும், குடல் அழுகல் நோய் ஏறக்குறைய இருமடங்காகிறது என்றே கண்டனர். அந்நோயின் பெயரை முதன்முதலாக நாம் கேட்டது எங்கே என்பதை மேலே எழுதிவிட்டோம்.

இங்கொன்று சொல்லியாக வேண்டும். பெற்ற தாயின் பாலுக்குத் தானப்பால் ஈடன்று. தன் குழந்தைக்குத் தானே கறந்து கொடுக்கும் பாலைச் சூடேற்ற வேண்டிய தேவை பொதுவாக இல்லை. அதன் காவல் முழுமையாகவே சென்று சேருகிறது. ஆகவே முதல் முயற்சி தாய்க்குப் பால் சுரக்கச் செய்வதே. பால் வங்கியை ஆதரிப்போரில் சிலர் இதை மறந்து, தானப்பாலே போதும் என்பதுபோல் பேசுகிறார்கள். அதுவும் தவறு.

இனி இரண்டாவது கூற்றுக்கு வருவோம். இது நம் துறையைச் சேர்ந்தது; எனவே சற்று விரிவாகவே பேசுவோம்.

பால்குடியால் ஏற்படும் உறவு இரத்த உறவைப் போலவே திருமணத்தைத் தடுக்கும் என்பது குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் 23-ஆம் வசனத்தால் நிலைபெற்றது. நபி (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா (ரலி) அவர்களை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஹுனைன் போருக்குப் பின் சிறைப்பட்டோரில் ஒருவராக வந்து, தம்மைப் பால்குடிச் சகோதரி என்று அறிவித்துக்கொண்ட ஷைமா அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்த வரலாறும் நாமறிந்ததே. பால் என்பது நம் மார்க்கத்தில் வெறும் ஆகாரமன்று. அது உறவை உண்டாக்குவது.

சூடு இவ்வுறவை அறுத்துவிடுமா? தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி பார்ப்போம். நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பாலைப் பாலாடைக் கட்டியாக்கிக் கொடுத்தாலும், வெண்ணெய் எடுத்தபின் கொடுத்தாலும் உறவு ஏற்படும் என்று தெளிவாகவே முடிவு கூறியிருக்கிறார்கள். உறைந்து கட்டியாகி, உருவமும் பெயரும் மாறிய பாலுக்கே இந்தத் தீர்ப்பென்றால், உருவமும் நிறமும் பெயரும் மாறாத, 62.5 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் இருந்த பாலுக்கு என்ன தீர்ப்பு? மின்ஹாஜ் ஓதிய மாணவன் எவனும் இதற்குப் பதில் சொல்லிவிடுவான்.

ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோர் வேறொரு வாசலைத் திறக்கப் பார்க்கிறார்கள். பாலை உணவோடு சேர்த்துச் சமைத்துவிட்டால் உறவு ஏற்படாது என்பது ஹிதாயாவில் உள்ளதே. பாலைத் தயிராகவோ கட்டியாகவோ ஆக்கினால் உறவு ஏற்படாது என்று இமாம் காஸானீ (ரஹ்) அவர்களின் பதாயிஉவில் உள்ளதே என்கிறார்கள். உள்ளது, மறுக்கவில்லை. ஆனால் காரணம் என்ன? முதலாவதில் பால் உணவுக்குள் அடங்கி, உணவே மூலப்பொருளாகிவிடுகிறது. இரண்டாவதில் பாலூட்டல் என்னும் பெயரே அதற்குப் பொருந்தாமல் போய்விடுகிறது. பால் வங்கியின் பாலில் எந்த உணவு கலந்தது? அதற்குத் தயிர் என்று பெயரா, கட்டி என்று பெயரா? குழந்தை பசிக்கு அதைப் பாலாகவே அருந்துகிறது, அதனாலேயே வளர்கிறது. நெருப்பு என்னும் ஒரு சொல்லைக் கிதாபில் கண்டதும், அதன் காரணத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடுவது பிக்ஹு அன்று.

குழாய் வழியாகத்தானே கொடுக்கிறார்கள், மார்பில் வாய்வைத்து உறிஞ்சவில்லையே என்பாரும் உளர். இமாம் இப்னு ஹஸ்ம் அவர்களின் கருத்து அது. காலஞ்சென்ற அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவீ அவர்கள் 1983-இல் பால் வங்கியை அனுமதித்து வழங்கிய ஃபத்வாவும் பெரிதும் அதைச் சார்ந்ததே. அவர்களின் கல்விக்கு முன் நாம் ஒன்றுமில்லை. ஆயினும் நான்கு மத்ஹபுகளின் பெருவழி அதுவன்று. வாயில் ஊற்றினாலும் மூக்கின் வழியே செலுத்தினாலும் பால் உள்ளே சென்றால் உறவு உண்டு என்பதே அவற்றின் நிலை. குறைமாதக் குழந்தைக்கு மூக்கின் வழியே குழாய் செருகி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சில மில்லி பால் செலுத்துகிறார்கள். அளவு மிகச் சிறிது. ஆனால் ஷாபிஈ மத்ஹபில் அளவன்று, தடவையே கணக்கு; தனித்தனியான ஐந்து தடவை. ஒரே தாய் தனித்தனித் தடவைகளில் கறந்த பாலென்றால் ஒரு பகலும் ஓரிரவும் கழியுமுன் அந்த ஐந்து நிறைந்துவிடக்கூடும். ஹனபியிலோ ஒரு தடவையே போதும்.

ஆகவே சூடேற்றிய பாலில் காவலும் எஞ்சுகிறது, உறவும் எஞ்சுகிறது. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள வழியில்லை.

"அப்படியானால் பால் வங்கியே கூடாது என்றுதானே ஆகிறது?" என்று முதற்சாரார் மகிழ்ந்து கேட்பார்கள். அவர்கள் கையில் வலுவான ஆதாரமும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். 1985-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, முஸ்லிம் நாடுகளில் பால் வங்கி அமைப்பதையும் அதிலிருந்து பாலூட்டுவதையும் தடுத்துத் தீர்மானித்தது. உறவுகள் கலந்து ஐயம் உண்டாகும் என்பது அதன் முதற் காரணம். அதை நாமும் ஏற்கிறோம். ஆனால் அத்தீர்மானத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. முஸ்லிம் சமுதாயத்தின் உறவுமுறை வாழ்வே இத்தகைய குழந்தைகளுக்கு வேண்டிய இயற்கைப் பாலூட்டலை அளித்துவிடுகிறது; எனவே வங்கிக்குத் தேவையில்லை என்பது அது. அளிக்கிறதா? அன்றிரவு நம் மாணவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, எந்தத் தெருவிலிருந்து எந்த ஹலீமா புறப்பட்டு வந்தார்? நம் ஜமாஅத்தில் பாலூட்டும் பெண்கள் இல்லையா? இருந்தார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை, வேறெவருக்கும் தோன்றவில்லை. காரணம் இல்லாதபோது தீர்ப்பை மட்டும் நிறுத்திவைப்பது எப்படி நியாயம்?

வேறு நாடுகளில் நடந்தவற்றையும் பார்ப்போம். வங்கதேசத்தில் 2019-ஆம் ஆண்டு இறுதியில் டாக்கா நகரில் ஒரு வங்கி அமைக்கப்பட்டு, எதிர்ப்பெழுந்து நின்றுபோயிற்று. கராச்சியில் 2024-இல் ஒரு குழந்தைகள் மருத்துவமனை, உலமாக்களிடம் நிபந்தனைகளோடு கூடிய ஃபத்வா பெற்ற பின்னரே வங்கியைத் தொடங்கியது. முஸ்லிம் குழந்தைக்கு முஸ்லிம் தாயின் பால், இரு குடும்பத்தார்க்கும் விவரம் தெரிவித்தல், விலை வாங்காமை ஆகியவை அந்த நிபந்தனைகளுள் அடங்கும். அவ்வாண்டு ஜூன் மாதமே மறு ஃபத்வா வந்தது, வேலை நிறுத்தப்பட்டது. நம்மவர்கள் பலர் குடியிருக்கும் சிங்கப்பூரிலோ, 2017-இல் வங்கி தொடங்கியபோது, அங்குள்ள இஸ்லாமிய சமய மன்றம் முஸ்லிம் குழந்தைகளுக்கு அதை அனுமதித்தது. பலரது பாலும் கலந்து, எவர் எத்தனை தடவை என்று அறியமுடியாதபோது உறவு உறுதிப்படாது என்னும் விதியை அவர்கள் நோக்கினர். அது ஷாபிஈ நூல்களில் உள்ள விதிதான்; எண்ணிக்கையில் ஐயம் வந்தால் தடை இல்லை.

ஆனால் ஐயம் நேர்வது வேறு. எழுதிவைக்க வழியிருந்தும் எழுதாமல் ஐயத்தை நாமே உண்டாக்கிக்கொள்வது வேறு. உக்பத் இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரீயில் ஓதியிருப்போம். மணம் முடிந்தபின் ஒரு பெண்மணி வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்கிறார். அவருக்கோ அவ்விஷயம் தெரியவே தெரியாது. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் சென்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கிறார். இப்படியொரு சொல் வந்தபின் எப்படி வாழ்வீர் என்னும் கருத்தில் விடை வருகிறது, அவர் பிரிந்துவிடுகிறார். ஒரே ஒரு பெண்ணின் ஞாபகத்தில் மட்டும் இருந்து, எவரிடமும் சொல்லப்படாமல் போன செய்தி ஒரு குடும்பத்தைப் பிரித்தது. பெயர் விசாரிக்க வேண்டுவதில்லை என்போர் இந்த ஹதீஸை எந்த அலமாரியில் பூட்டிவைத்தார்கள்?

பதிவு செய்வது இயலாத காரியமன்று. தமிழக அரசு 2014-ஆம் ஆண்டு சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட மருத்துவமனைகளில் பால் வங்கிகளைத் தொடங்கியது. இத்தகைய வங்கிகளில் ஒவ்வொரு கொடையாளிக்கும் குறியீட்டெண் உண்டு. எந்தக் குப்பியில் எவர் பால் என்பது ஏட்டில் உண்டு. பெறுபவரிடம் அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. பலரது பாலைக் கலந்து சூடேற்றுவதும் உண்டு. நாம் கேட்கவேண்டியது இரண்டே: எங்கள் குழந்தைக்குக் கலக்காத, ஒரே தாயின் பாலைக் கொடுங்கள், அத்தாயின் சம்மதத்தோடு இரு குடும்பத்தையும் அறிமுகப்படுத்துங்கள். இப்படிக் கேட்டபோது ஒரு மருத்துவர் நம்மிடம் சொன்னார்: "இதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை ஹழ்ரத். ஆனால் உங்கள் பெண்கள் பால் கொடுக்க வருவதேயில்லையே." நமக்குப் பதில் வரவில்லை. தானப்பாலை வாங்கக் கூடாது என்று ஜும்ஆவில் பேசிய நாம், கொடுக்கலாம் என்று எந்த ஜும்ஆவிலாவது பேசினோமா? நம் தாய்மார்கள் பெயரோடு கொடுக்க முன்வந்தால், நம் குழந்தைகளுக்கு அறிந்தவர் பாலே கிடைக்கும், ஐயத்துக்கே இடமிராது. விலைபேச வேண்டாம், மனிதப் பால் விற்பனை ஹனபியில் கூடாது, ஷாபிஈயில் கூடும் என்னும் பழைய விவாதத்தைக் கிளறவும் வேண்டாம். தாய்ப்பாலை வணிகப் பொருளாக்குவது செல்லாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 மே மாதத்தில் எச்சரித்துவிட்டது.

தானப்பால் ஒரு நிர்ப்பந்தத்துக்கு. ஆரோக்கியமாகப் பிறந்து, தாயிடம் பாலுள்ள குழந்தைக்கு அது வேண்டுவதில்லை. வங்கியும் அதைத் தருவதில்லை. ஆனால் நிர்ப்பந்தத்தின் வாசலில் நிற்கும் தகப்பனிடம், டாக்டரின் பேனா கையில் இருக்கும் அந்த நேரத்தில், "அதில் ஒன்றும் இராது" என்று சொல்ல எந்த ஆலிமுக்கும் உரிமையில்லை. "எது வேண்டுமானாலும் கொடு, காய்ச்சியாயிற்றே" என்று சொல்லவும் உரிமையில்லை. கொடு, யார் என்று கேள், எழுதி வை. நம்மிடம் அதே கேள்வி மீண்டும் வந்தால் இதைத்தான் சொல்வோம். கடந்த ஆண்டு ஒருமுறை வந்தது. சொன்னோம்.

நம் ஊர் ஜமாஅத்தின் நிகாஹ் தப்தரில் மணமக்களின் வாப்பா பெயருக்கும் வலி பெயருக்கும் அடுத்தாற்போல் பால்குடி விவரத்துக்கென ஒரு பத்தி சேர்க்க வேண்டுமென்று நிர்வாகத்தாரிடம் கேட்டோம். இதற்கென்று ஒரு பத்தியா என்று செயலாளர் தயங்கினார். இரண்டு கூட்டங்களில் ஒத்திவைக்கப்பட்டது. இப்போதைக்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு நாமே வைத்திருக்கிறோம். பால் குடித்த குழந்தை, கொடுத்த தாய், அவர் கணவர், அவர்தம் மக்கள், தேதி என ஐந்து கட்டங்கள். இதுவரை இரண்டு குடும்பங்கள் எழுதியிருக்கின்றன. இரண்டாவது வரியில் கொடுத்தவர் என்று இருப்பது, அன்று நம்மிடம் எந்தக் கிதாபில் என்று கேட்ட மாணவரின் மனைவி பெயர்.